ஜூலைக் கடைசியில் ஐந்து நாள்

நோவாக் டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் ரோண்டா வோஸ்பெர்க், நினைத்தால் அந்த ஊரில் எவருடைய நாளையும் புரட்டிப் போட்டுவிடுவாள். மேற்கு நெப்ராஸ்காவில் இரண்டு சர்ச்சும் ஒரு தானியக் கிடங்கும் இருக்கிற ஊர் அது. பத்தொன்பது வருடமாக ஊராரின் பல்லெல்லாம் அவள் குறித்துக் கொடுத்த தேதியில்தான் பிடுங்கப்பட்டு வருகிறது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மூன்று பேருக்கு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி அரை மணி அரை மணி தள்ளி நேரம் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முதல் நாள் கன்னம் வீங்கி வந்து நின்ற மாப்பிள்ளைக்காக எட்டுப் பேரை நகர்த்தி இடம் பண்ணியவள். யாரிடமும் 'உங்களுக்கு எப்போது வசதி' என்று கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் ஜனங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். 'செவ்வாய் வசதிப்படுமா, வியாழனா?' என்பாள். அவர்களும் இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, தாங்களே முடிவெடுத்த திருப்தியோடு போவார்கள்.

இந்த வித்தையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்றும் வளர்ந்து வாயாடுகிற வயதில். பெரியவன் பிராடிக்குப் பதினேழு, மெக்கென்னாவுக்குப் பதினைந்து, கடைக்குட்டி லேனுக்குப் பதின்மூன்று. 'ராத்திரிக்குக் கோழியா, மக்ரோனியா?' என்று கேட்டால் மூன்று பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ரெண்டும் வேணாம்' என்பார்கள். கணவன் டுவெய்ன் தானியக் கிடங்கில் மேனேஜர். அவனிடம் கேட்டால் எதுவானாலும் சரி என்பான். அது இன்னும் மோசம்.

நவம்பரில் ஒருநாள் பிராடி ஒரு காகிதக் கட்டோடு வந்து சமையலறை மேசையில் வைத்தான். ராணுவத்தில் சேரப் போகிறானாம். பள்ளி முடித்ததும், ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி பயிற்சிக்குக் கிளம்ப வேண்டுமாம். பதினெட்டு வயது ஆகாததால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். டுவெய்ன் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டுப் போட்டான். ரோண்டா படிக்கவே இல்லை. பள்ளிச் சுற்றுலாக் காகிதத்தில் போடுகிற மாதிரி மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிறவள் மாதிரி வெகுநேரம் நின்றாள்.

அன்றிலிருந்துதான் அவளுக்கு அந்தப் பித்துப் பிடித்தது. அவன் போவதற்கு முன்னால் ஐந்து பேரும் ஒரே இடத்தில் ஐந்து நாள் இருக்க வேண்டும். வேலை, பள்ளி, சிநேகிதம் எதுவும் குறுக்கே வராத இடமாக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால், ஐவரும் சேர்ந்தாற்போல் ஒரு முழு நாள் இருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தருக்குக் கோபம். லேன் கைக்குழந்தையாக இருந்தபோது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனது; அவனுக்கு அது நினைவில்லை. மறுபடியும் அங்கேதான் என்று தீர்மானித்தாள்.

தீர்மானிப்பது சுலபம், தேதிதான் கிடைக்கவில்லை. ஜூன் முழுக்க லேனுக்கு பேஸ்பால் ஆட்டம். ஜூலை முதல் மூன்று வாரம் கோதுமை அறுவடை. அப்போது டுவெய்ன் கிடங்கிலேயே குடியிருப்பான், வீட்டில் அவனுடைய அழுக்குத் துணியைத்தான் பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து மெக்கென்னாவுக்குப் பள்ளி வாத்தியக் குழுவின் பயிற்சி முகாம்; டிராம்போன் வாசிக்கிறவள் ஒரு நாள் வராவிட்டாலும் வரிசையில் இடம் போய்விடும். எட்டுப் பேரை நகர்த்தி மாப்பிள்ளைக்கு இடம் பண்ணியவளுக்குத் தன் வீட்டு நான்கு பேரை நகர்த்த முடியவில்லை. கடைசியில் ஜூலை இருபத்துநான்கு முதல் இருபத்தெட்டு வரை ஒரு சந்து கிடைத்தது. வருடத்திலேயே அது ஒன்றுதான்.

ஜூலையில் கூடாரம் போட வேண்டும் என்றால் ஜனவரியிலேயே இடம் பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் காலை எட்டு மணிக்குக் கணினியில் கதவு திறக்கும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும். நாடு முழுவதும் ரோண்டா மாதிரி ஆயிரக்கணக்கான தாய்மார்கள் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே. அன்று அவள் ஆஸ்பத்திரியில் தன் கணினியையும், பல் சுத்தம் செய்கிற பெண்ணின் கணினியையும், கைபேசியையும் வரிசையாக வைத்துக்கொண்டாள். டாக்டரிடம், எட்டிலிருந்து எட்டேகால் வரை தீப்பிடித்தாலும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எட்டு அடித்தது. முதல் இடத்தைத் தொட்டாள், போய்விட்டது. இரண்டாவது தொடத் தொடவே போனது. மூன்றாவதாகக் கண்ணில் பட்ட முகாமில், எது என்ன என்று பார்க்காமல், ஒரே ஒரு இடத்தின் மேல் விரலை அழுத்தினாள். கிடைத்துவிட்டது. பாதி வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரைப் போய்க் கட்டிக்கொண்டாள். அவர் என்னவோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் செய்தியைச் சொன்னபோது வீட்டில் யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அங்கே கைபேசி எடுக்குமா என்று லேன் கேட்டான். தினமும் குளிக்க முடியாது என்றால் தான் வரவில்லை என்று மெக்கென்னா சொன்னாள்.

“காட்டெருமை உன்னை மோந்து பாத்துட்டா ஓடப் போவுது? அதுவே வருஷம் பூரா குளிக்கறது இல்ல,” என்றான் டுவெய்ன்.

“அப்பா, நீங்களும் அதுவும் ஒரே கட்சி,” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

பிராடி மட்டும் நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். மூன்றில் ஒன்றாவது பிடி கொடுத்ததே என்று ரோண்டாவுக்கு மனம் குளிர்ந்தது.

அதன்பிறகு ஐந்து மாதம் அவள் பட்ட பாட்டை அவள்தான் அறிவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் குடும்பக் கூட்டம். ஆளுக்கு ஒரு நிறத்தில் பேனா. ஒவ்வொருவரும் அங்கே பார்க்க ஆசைப்படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். லேன் கரடி என்றான். அதற்காகக் கரடி தாக்கிய காணொளிகளாகப் பார்த்துப் பார்த்துக் கரடிக்கே புரொபசர் ஆகிவிட்டான். மெக்கென்னா, காலை பத்து மணிக்கு முன்னால் தன்னை எழுப்பாத எந்த இடமும் சம்மதம் என்றாள். டுவெய்ன் கூட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் சாய்ந்தபடியே தூங்கினான். பிராடி எப்போது கேட்டாலும், உனக்கு எது பிடிக்குமோ அதும்மா என்றான். அவனுக்குக் கொடுத்த பச்சைப் பேனா கடைசிவரை மூடி திறக்கப்படவே இல்லை. ரோண்டா பார்த்தாள்; நல்ல பிள்ளை, தொந்தரவு கொடுக்கவில்லை என்று மட்டும்தான் எண்ணினாள்.

இதற்குள் கூடாரம் வாங்கியாகிவிட்டது. ஆறு பேர் படுக்கிறது. மே மாதம் கொல்லைப் புல்வெளியில் அதை விரித்து, கம்பிகளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, டுவெய்னும் அவளும் நிறுத்தி வைத்தார்கள். ரோண்டா உள்ளே போய் ஐந்து படுக்கைக்கும் கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று அளந்துகொண்டிருந்தாள். அப்போது லேன் கைபேசியைப் பார்த்தபடியே வந்து வாசலில் நின்றான்.

“அம்மா, நீ எடுத்த முகாம்ல கூடாரமே போடக் கூடாதாம்.”

அவள் நம்பவில்லை. வாங்கிப் பார்த்தாள். அடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கம் கிரிஸ்லி கரடிகள் நடமாடுகிற இடம், ஆகையால் கெட்டிச் சுவர் வைத்த வண்டிகளுக்கு மட்டும் அனுமதி, துணியால் ஆன எதற்கும் அனுமதி கிடையாது. ஜனவரியில் அந்தச் சிவப்பு எழுத்தை அவளுடைய விரல் தாண்டிப் போயிருக்கிறது. நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் அமுக்குவேன் என்று நின்றிருந்தால் இடமே கிடைத்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியதால் கிடைத்தது, கிடைத்தது உதவவில்லை.

“கரடிக்கு நாம பொட்டலம் கட்டின சாப்பாடும்மா. துணியைப் பிரிச்சா போதும்,” என்றான் லேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

டுவெய்ன் சிரித்த சிரிப்பில் கூடாரத்தின் ஒரு கம்பி கழன்று மூலை சரிந்தது. ரோண்டா சரிந்த மூலைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கே தேதி கொடுக்கிறவள், தன் சொந்தக் காரியத்தில் இப்படிக் கோட்டை விட்டாளே என்று அவளுக்கு அழுகை வந்தது. வேறு முகாம் தேடிப் பார்த்தாள். அக்டோபர் வரை ஒரு அங்குலம் இல்லை.

தப்பிக்க ஒரே வழி, டுவெய்னின் அண்ணன் மார்லினுடைய டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற குட்டி வீடு. தகரச் சுவர், கண்ணாடி ஜன்னல், உள்ளே அடுப்பு, எல்லாம் உண்டு. மார்லின் பெண்டாட்டியைக்கூட அத்தனை சொகுசாக வைத்திருக்கவில்லை என்பது அந்த வீட்டில் எல்லோரும் அவன் காது படவே சொல்கிற பேச்சு. ரோண்டா அவனுக்கு மூன்று முறை வறுத்த கோழி சமைத்துப் போட்டாள். நான்காவது முறை அவன் இறங்கி வந்தான். நிபந்தனைகள் இருந்தன. உள்ளே மீன் பொரிக்கக் கூடாது. ஷூவோடு ஏறக் கூடாது. கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அவன் விரலை நீட்டினான்.

“உள்ள ஒரு கக்கூஸ் இருக்கு. அது இருக்குங்கறதையே மறந்துடுங்க.”

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்குப் பட்டாசு விடுகிற நாளில் மார்லின் அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். டுவெய்ன் கிடங்கிலிருந்து ஒரு மணி நேரம் பறித்துக்கொண்டு வந்திருந்தான். ஐந்து பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தார்கள். மேசையை மடக்கினால் படுக்கை, சோபாவைப் பிரித்தால் படுக்கை. ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் எழுந்து வழிவிட வேண்டும். பிராடி ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். அவனைப் படுக்க வைத்தால் கால் இரண்டும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய் விழுந்தது. மெக்கென்னா குழாயைத் திறந்துவிட்டாள். லேன் அவன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். அந்த மூன்று பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று. ரோண்டா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்துச் சங்கடமெல்லாம் இதற்காகவே பட்டது போல் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பிராடி எழுந்து, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி வெளியே போனான். அவர்கள் எல்லோரும் இறங்கி வந்தபோது அவன் தெருவின் கோடிவரை நடந்துபோயிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். பள்ளி முடித்ததிலிருந்து டயர் கடையில் வேலை பார்க்கிறான். வேலை நேரத்தில் அங்கே வந்ததே கிடையாது. நோயாளி மாதிரி மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தன் தேதி மாறிவிட்டது என்றான். ஆகஸ்ட் பதினெட்டு இல்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளம்ப வேண்டும். டென்வரில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்க வைத்து, திங்கள்கிழமை விடியும் முன்பே பயிற்சிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சொல்லி முடித்ததும், கடையில் வண்டி காத்திருக்கிறது என்று போய்விட்டான்.

ரோண்டா பதறவில்லை. தேதி தானே, தேதி என்றால் அவள் கைக்குள் இருக்கிற சமாச்சாரம். யாரோ எங்கேயோ ஒரு கட்டத்தில் தவறாகக் குறித்திருப்பார்கள், கேட்டால் நகர்த்திவிடுவார்கள். ஆள் சேர்க்கிற அலுவலகத்துச் சார்ஜென்ட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தன் வேலைக் குரலிலேயே, சிரித்த மாதிரி பேசினாள். பிராடிக்கு ஏற்கெனவே ஒரு குடும்ப ஏற்பாடு இருக்கிறது. அவனுக்கு ஜூலை முப்பது வசதிப்படும், இல்லையென்றால் முப்பத்தொன்று, இரண்டில் எது சார்ஜென்ட்டுக்குத் தோது என்று கேட்டாள்.

“மேடம், இது பல்லு புடுங்கற தேதி இல்லீங்க,” என்றார் சார்ஜென்ட். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் குரலில் வயது அதிகம் தெரியவில்லை.

அவள் விடவில்லை. தாய் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் பதினெட்டுக்கு, அதை மாற்றுவதென்றால் தாயைக் கேட்க வேண்டாமா என்றாள். பிராடிக்கு மார்ச்சிலேயே பதினெட்டு முடிந்துவிட்டதே, இனிமேல் அவன் கையெழுத்து ஒன்றே போதும் என்று அவர் சொன்னார். பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில்தான் அதையும் சொன்னார்.

“நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல மேடம். ஒரு பையனுக்கு முட்டி போயிடுச்சு, எடம் காலியாச்சு. யாருக்கு வேணும்னு அஞ்சாறு பேருக்குச் செய்தி அனுப்பிச்சோம். உங்க பையன்தான் மொதல்ல கை தூக்கினான். நாலாம் தேதி சாயங்காலம், லீவு நாள்லயே.”

ரோண்டா நன்றி சொல்லி வைத்தாள். காத்திருந்த அம்மாளுக்கு அடுத்த வருகைக்குத் தேதி கொடுத்தாள். செவ்வாயா வியாழனா என்று கேட்டாளா, என்ன கேட்டாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தபோது டுவெய்ன் அறுவடையில் இருந்தான். மெக்கென்னா கோடைக்கு வேலை பார்க்கிற நீச்சல்குளத்தில் இருந்தாள், லேனும் அங்கேதான். வெயில் இன்னும் சுட்டது. பிராடி வாசலில் மார்லினின் டிரெய்லரை அப்பாவின் பிக்கப் வண்டியோடு கோத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே மல்லாந்து படுத்துப் பின்விளக்கின் ஒயர்களை நோண்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய செருப்பைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

எல்லாவற்றையும் சொல்லிச் சண்டை போடத்தான் அவள் வந்தாள். ஐந்து மாதம், இரண்டு கணினி, நாலு தடவை கோழி, இந்தத் தகரப் பெட்டிக்காக மார்லினிடம் கெஞ்சியது.

“நீயா கேட்டு வாங்கினியாமே,” என்று மட்டும் கேட்டாள்.

அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கீழே இருந்தபடியே, ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அன்னிக்கு உள்ள படுத்துப் பாத்தோம்ல. லேன் என் மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கவே இல்ல. அஞ்சு நாள் அப்படி இருந்தா என்னால போக முடியாதும்மா. கையெழுத்து போட்டாச்சு, போயித்தான் ஆகணும். அதான்.”

ரோண்டா டிரெய்லரின் படியில் உட்கார்ந்தாள். அவன் கிளம்புவதற்கு முன் அவனைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பாடு பட்டாள். அந்தப் பிடிக்குப் பயந்தே அவன் ஒரு மாதம் முன்னால் ஓடுகிறான். இதில் யாரைத் திட்டுவது? அவனைத் திட்ட வாய் வரவில்லை. தன்னைத் திட்டிக்கொண்டால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தள்ளிப் போகுமா?

யெல்லோஸ்டோனில் பிடித்த இடத்தை ரத்து செய்துவிட வேண்டாம் என்று அவன் கீழிருந்து சொன்னான். லேன் கரடி கரடி என்று உயிரை விடுகிறான், மெக்கென்னாகூட யாரிடமும் சொல்லாமல் குளத்து வேலை நாட்களையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறாள், நீங்கள் நாலு பேரும் போய்த்தான் ஆக வேண்டும் என்றான். அப்பாவுக்கு இந்த விளக்கு ஒயர் வேலை வராது, அதனால்தான் தான் இருக்கும்போதே முடித்து வைக்கிறேன் என்றான். ரோண்டா சரி சரி என்று தலையாட்டினாள். அவன் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது.

“ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு வருவாங்க?” என்று கேட்டாள்.

“மத்தியானம் ரெண்டு மணி.”

“சாப்ட்டுட்டுத்தான போவ?”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியே நகர்ந்து வந்து, பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது, அடியில் புழுதி என்று சொன்னான். ஒயர் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வண்டியில் ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னான். அவள் எழுந்து போய் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை டுவெய்ன் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான், அவளுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் நகர்ந்து நுனியில் உட்கார்ந்துகொண்டு மிதித்தாள். பக்கக் கண்ணாடியில் பிராடி டிரெய்லருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பது தெரிந்தது. அவன் முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

“ரெண்டும் எரியுதும்மா,” என்றான். “போதும், பிரேக்கை விட்டுடு.”

அது அவள் காதில் விழுந்தது. பிரேக்கிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை.